கட் எங்க விழணும்? எடிட்டிங் வேகம், ட்ரான்சிஷன் பற்றி அடிக்கடி கேக்கிற கேள்விகள்

கொழும்பில ஷோர்ட் ஃபிலிம் எடுக்கிற தம்பி தங்கச்சிமார், கலியாண வீடியோ வெட்டுறவங்க, சும்மா படம் பாக்கிறதில ஆசை உள்ளவங்க எண்டு கனபேர் என்னட்டக் கேட்ட கேள்விகள் இது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் மெசேஜ் அனுப்புறத விட ஒரே இடத்தில எழுதி வச்சா எல்லாருக்கும் உதவும் எண்டு தான் இந்தப் பக்கம்.

வேகமான எடிட்டிங் எண்டா கட் கூட இருக்கிறது தானே?

இல்ல. ஷொட் எண்டா வெட்டாம ஓடுற ஒரு துண்டு, கட் எண்டா ஒரு ஷொட் முடிஞ்சு அடுத்தது தொடங்கிற இடம். கட் கூட இருந்தும் இழுக்கிற படம் இருக்கு, ஒரே ஷொட்டில மூச்சு விடாம உக்கார வைக்கிற சீனும் இருக்கு. பாக்கிறவர் உணர்ற வேகம் கன விசயம் சேர்ந்து வாறது. ஷொட் எவ்வளவு நேரம் நிக்குது, ஃபிரேமுக்குள்ள என்ன அசையுது, சத்தம் என்ன செய்யுது, எல்லாத்துக்கும் மேல அந்த ஷொட்டில புதுசா என்ன தெரிய வருது எண்டது.

ஒரு பிள்ளை கேற்றைத் திறந்துகொண்டு உள்ள வாறதை நாலு அங்கிளில எடுத்து ரெண்டு ரெண்டு செக்கனா வெட்டிப் போட்டாலும் எங்களுக்குத் தெரிய வாறது பிள்ளை வீட்ட வந்திட்டுது எண்ட ஒண்டு தான், அதை முதல் ஷொட்டிலயே விளங்கிட்டம், மிச்ச மூண்டு ஷொட்டும் சும்மா காத்திருக்கிறது. அதே பிள்ளை கேற்றில கை வச்ச உடன அப்பிடியே நிண்டு, உள்ள யாரோ தன்னைப் பற்றிக் கதைக்கிறதைக் கேக்குது எண்டு ஒரே ஷொட்டா பத்து செக்கன் விட்டுப் பாருங்க, ஹோலில ஒருத்தரும் போனை எடுக்க மாட்டாங்க.

இன்னொண்டு, வேகம் எண்டது எப்பவும் அதுக்கு முந்தி என்ன இருந்தது எண்டதில தான் தங்கி இருக்கு. கொழும்பு காலி வீதியில (Galle Road) பஸ் ஒரே ஸ்பீட்டில போனா உள்ள இருக்கிறவருக்கு ஒண்டும் தெரியாது, பிரேக் போட்டு மறுபடி இழுக்கேக்க தான் கம்பியைப் பிடிக்கிறம். படமும் அப்பிடித்தான், ரெண்டு மணித்தியாலம் முழுக்க வேகம் எண்டா வேகமே இல்ல.

அப்ப ஒரு ஷொட் எத்தனை செக்கன் இருக்கணும்?

செக்கன் கணக்கு ஒண்டும் கிடையாது, ஆனா யோசிக்க ஒரு வழி இருக்கு. வைட் ஷொட்டில கண் அலைஞ்சு தேட வேணும், அதுக்கு நேரம் குடுக்கணும். க்ளோசப்பில கண் உடன முகத்துக்குப் போயிடும், அங்க நேரம் குடுக்கிறது தேடுறதுக்கு இல்ல, அந்த ஆள் என்ன யோசிக்கிறார் எண்டு நாங்க பிடிக்கிறதுக்கு. யோசனை கண்ணில வந்திட்டுது, நாங்களும் பிடிச்சிட்டம் எண்டா அங்க வெட்டலாம். யோசனை வர முந்தி வெட்டினா நடிகரோட வேலையை எடிட்டர் களவெடுத்த மாதிரி.

வோல்டர் மர்ச் எண்ட பெரிய எடிட்டர் இதைப் பற்றி நல்லா யோசிச்சு எழுதி இருக்கிறார். நாங்க ஒரு யோசனையை முடிச்சு அடுத்ததுக்குப் போற இடத்தில தான் கண் சிமிட்டுறம், நல்ல கட்டும் அந்த இடத்தில தான் வரும் எண்டு சொல்றார். கட் பண்ணுறதுக்கு ஆறு காரணத்தை வரிசைப்படுத்தி உணர்ச்சிக்கு மட்டும் 51 சதவீதம் குடுக்கிறார், அதாவது கதை, ரிதம், கண் எங்க பாக்குது, இடத் தொடர்ச்சி எல்லாத்தையும் கூட்டினாலும் உணர்ச்சி தான் மேல.

அவர் செய்யிற ஒரு பழக்கத்தை நீங்களும் செய்து பாக்கலாம். ஷொட்டை ஓட விட்டு, வெட்டணும் எண்டு தோணுற இடத்தில டக்கெண்டு நிப்பாட்டுங்க, ஃபிரேம் நம்பரைக் குறிச்சு வச்சுக்கொண்டு திரும்ப முதல்ல இருந்து ஓட விட்டு மறுபடி நிப்பாட்டுங்க. சினிமாவில ஒரு செக்கனுக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம் ஓடுது, அப்பிடி இருந்தும் ரெண்டு தரமும் அதே ஃபிரேமில கை நிண்டுது எண்டா அந்த கட் சரி. ஒவ்வொரு தரமும் எங்கயோ போய் நிக்குது எண்டா அந்த ஷொட்டில என்ன பாக்கிறீங்க எண்டு உங்களுக்கே இன்னும் தெளிவில்ல.

இப்ப வாற படங்கள் உண்மையிலயே பழசை விட வேகமா, இல்லாட்டி எங்களுக்கு வயசு போட்டுதா?

உண்மையிலயே வேகம் தான். டேவிட் போர்ட்வெல் எண்ட ஆய்வாளர் ஹொலிவுட் படங்களைக் கணக்குப் பாத்திருக்கிறார், 1930ல இருந்து 1960 வரைக்கும் ஒரு ஷொட் சராசரியா 8 தொடக்கம் 11 செக்கன், 1990களோட கடைசியில அது 3 தொடக்கம் 6 செக்கனுக்கு இறங்கிட்டுது. கம்பியூட்டரில வெட்டுறது வந்ததும் ஒரு காரணம், பிலிமைக் கையால வெட்டி டேப் போட்டு ஒட்டின காலத்தில ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு உழைப்பு இருந்தது. ஆனா அது மட்டும் இல்ல, டீவியும் விளம்பரமும் மியூசிக் வீடியோவும் எங்கட கண்ணைப் பழக்கிட்டுது.

பிறகேன் சில சண்டைக் காட்சியில யார் யாருக்கு அடிக்கிறாங்க எண்டே விளங்குதில்ல?

கண்ணை ஃபிரேமுக்குள்ள ஓடித் தேட விடுறதால. ஒரு ஷொட் முடியேக்க நீங்க ஸ்க்ரீனில வலப்பக்கம் பாத்துக்கொண்டு இருக்கிறீங்க எண்டு வைப்பம், அடுத்த ஷொட்டில முக்கியமான விசயம் இடப்பக்கக் கீழ் மூலையில இருக்கு. கண் அங்க போய்ச் சேர ஒரு சின்ன நேரம் எடுக்கும், ஷொட்டே அரைச் செக்கன் தான் எண்டா கண் போய்ச் சேர முந்தி அது முடிஞ்சிடும். இது பத்துத் தரம் அடுத்தடுத்து நடந்தா தலை சுத்தும், விறுவிறுப்பா இருக்கிற மாதிரி இருக்கும் ஆனா ஒண்டும் மனசில நிக்காது.

இதுக்கு எதிர் உதாரணம் 2015ல வந்த மேட் மேக்ஸ் ஃபியூரி ரோட். ரெண்டு மணித்தியாலத்தில கிட்டத்தட்ட 2700 கட், ஆனா பாலைவனத்தில எந்த வண்டி எங்க நிக்குது எண்டு ஒரு இடத்திலயும் குழப்பம் வராது. முக்கியமான விசயத்தை எப்பவும் ஃபிரேமோட நடுவில வச்சு எடுக்கணும் எண்டு டைரக்டர் ஜோர்ஜ் மில்லர் சொல்லி வச்சதால, எடிட்டர் மார்கரெட் சிக்சலுக்கு எவ்வளவு வேகமா வெட்டினாலும் கண் ஒரே இடத்தில நிக்கும் எண்ட துணிவு இருந்தது. அந்த வேலைக்கு அவவுக்கு ஒஸ்கார் கிடைச்சது. வேகத்துக்கு எடிட்டர் மட்டும் பொறுப்பில்ல எண்டு விளங்குதா, ஷூட்டிங்கில விட்டதை எடிட்டிங் சொஃப்ட்வேர் டைம்லைனில தேடி எடுக்க ஏலாது.

மெதுவான படம் எண்டாலே எனக்கு நித்திரை வருது. மெதுவாவும் இருந்து ஆளைப் பிடிச்சும் வைக்க ஏலுமா?

ஏலும், அதுக்கு நாங்க தூர எங்கயும் போகத் தேவையில்ல. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசோட கம்பெரலிய படம், 1963ல வந்தது, அதை எடிட் பண்ணினவ சுமித்ரா பீரிஸ். பிறகு தானே பெரிய டைரக்டரா வந்தவ, ஆனா இந்தப் படத்தில அவட எடிட்டிங்கை மட்டும் தனியா ஒருக்கா உக்காந்து பாக்கணும். ஆக்கள் கதைச்சு முடிச்சு அறையை விட்டுப் போன பிறகும் ஷொட் கொஞ்சம் நிக்கும். கதையில சொந்தம் பந்தம் மரியாதைக்குள்ள அடங்கி வாயைத் திறந்து ஒண்டும் சொல்ல ஏலாம இருக்கிற ஆக்கள், அவங்க சொல்லாம விட்டது தான் அந்த மிச்ச நேரத்தில எங்களுக்குக் கேக்குது. அந்த ரெண்டு மூண்டு செக்கனைக் கழிச்சா படம் சுருங்கும், ஆனா அந்த வீடும் செத்துப் போகும். சிங்களப் படம் எண்டு எங்கட ஆக்கள் கனபேர் இதைத் தொட்டும் பாக்கிறதில்ல, எனக்கு அதில உண்மையாவே கவலை இருக்கு.

இன்னொண்டு சொல்றன். அலைபாயுதே பாத்திருப்பீங்க, 2000ல வந்தது, மனுசியைக் காணேல்ல எண்டு தேடுற ஒருத்தனோட பதட்டத்துக்கு இடையில அவங்கட காதல் கதை வெட்டி வெட்டி வரும். அதோட எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத். கன்னத்தில் முத்தமிட்டாலுக்கு தேசிய விருது எடுத்தவரும் இவர் தான். இதே ஆள் தான் எங்கட நாட்டு டைரக்டர் பிரசன்ன விதானகேவோட படங்களையும் வெட்டினவர், 2012ல வந்த ஒப நத்துவா ஒப எக்க அதில ஒண்டு. அடகு கடை வச்சிருக்கிற சிங்கள ஆம்பிளை ஒருத்தர், அவரைக் கட்டுற தமிழ்ப் பொம்பிளை, ரெண்டு பேருக்கும் இடையில சொல்லப்படாத பழசு. அந்த வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஒரே ஃபிரேமில இருந்துகொண்டு ஒருத்தரை ஒருத்தர் பாக்காம இருக்கிற இடங்களில கட் வரும் எண்டு நீங்க எதிர்பாப்பீங்க, வராது. ஒரே ஆளோட கை தான், ஒரு படத்தில அலைபாயுது, மற்றதில அசையாம இருக்குது. அப்ப வேகம் எண்டது எடிட்டரோட ஸ்டைல் இல்ல, கதையில இருக்கிற ஆக்களோட நிலைமை. எடிட்டர் அதைக் காது குடுத்துக் கேக்கிறார், அவ்வளவு தான்.

நித்திரை வாறது எப்ப எண்டா, ஷொட் நீளமா இருந்து, அதுக்குள்ள நாங்க தேடிக் கண்டுபிடிக்க ஒண்டும் இல்லாம இருக்கேக்க. நீளம் மட்டும் குற்றமில்ல.

கட், டிசோல்வ், ஃபேட், வைப். எதை எங்க போடுறது?

கட் எண்டா "இப்பவே". ஒரு இடத்தில இருந்து இன்னொரு இடம், ஒரு ஆளில இருந்து இன்னொரு ஆள், இடையில ஒண்டுமில்ல. டிசோல்வ், ஒரு படம் கரைஞ்சு மற்றது வாறது, நேரம் போட்டுது எண்டோ ஒரு ஆளோட நினைப்புக்குள்ள போறம் எண்டோ சொல்லும். ஃபேட் கறுப்புக்குப் போறது, ஒரு அத்தியாயம் முடிஞ்சுது. கறுப்பு எவ்வளவு நேரம் நிக்குது எண்டதும் முக்கியம், ஒரு செக்கன் எண்டா மூச்சு விடுற இடம், நாலு செக்கன் எண்டா ஏதோ பெரிசா நடந்திட்டுது. வைப் எண்டா ஒரு படம் ஓரத்தில இருந்து மற்றதைத் தள்ளிக்கொண்டு வாறது, அதை ஜப்பான் டைரக்டர் குரோசாவா 1954ல செவன் சாமுராயில நல்லாப் பாவிச்சவர், பிறகு ஸ்டார் வார்ஸ் எடுத்துக்கொண்டுது, மற்றவங்க போட்டா பெரும்பாலும் அந்த ஞாபகம் தான் வரும்.

பிலிம் காலத்தில எடிட்டர் டிசோல்வ் வேணும் எண்டா வேர்க் பிரிண்டில (வெட்டிப் பாக்கிற பிலிம் கொப்பியில) மெழுகுப் பென்சிலால சரிச்சு ஒரு கோடு போட்டு லேபுக்கு அனுப்ப வேணும், அங்க தனி மெஷினில செய்து வரும், காசும் போகும் நாளும் போகும். அதால உண்மையாத் தேவைப்பட்ட இடத்தில மட்டும் போட்டாங்க. இப்ப ரெண்டு க்ளிப்புக்கு நடுவில இழுத்துப் போட்டா சரி. கட் சரியா விழாத இடத்தில ஒரு டிசோல்வைப் போட்டு மறைக்கிறது எங்கட வழக்கமாப் போட்டுது, பாக்கிறவருக்குக் காரணம் தெரியாட்டியும் அந்த இடத்தில சீன் தளர்றது கட்டாயம் தெரியும்.

மட்ச் கட்டையும் சொல்லணும், ஒரு ஷொட்டில இருக்கிற உருவமோ அசைவோ அடுத்ததில இருக்கிறதோட பொருந்திற மாதிரி வெட்டுறது. 1968ல 2001 ஸ்பேஸ் ஒடிசியில மேல எறிஞ்ச எலும்பு அடுத்த ஷொட்டில விண்வெளி வண்டியா மாறும், இடையில லட்சக்கணக்கான வருசம், ஒரே ஒரு நேர் கட். டிசோல்வ் போட்டிருந்தா அது வெறும் தகவல்.

ஜே கட், எல் கட் எண்டு சொல்றாங்களே?

படமும் சத்தமும் ஒரே இடத்தில வெட்டாம விடுறது. அடுத்த சீனோட சத்தம் முந்தி வந்தா ஜே கட், முதல் சீனோட சத்தம் அடுத்த படத்துக்கு மேலயும் தொடர்ந்தா எல் கட். டைம்லைனில பாத்தா அந்த எழுத்து மாதிரியே இருக்கும்.

இதைப் படிக்க வெள்ளவத்தையை விட நல்ல இடம் இல்ல. கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில ஒரு ஃப்ளாட், குசினியில அம்மா தேத்தண்ணி ஊத்துறா, மகன் வெளிநாடு போகப் போறதை இன்னும் சொல்லேல்ல. அடுத்த சீன் ஸ்டேஷன். நேரா வெட்டினா குசினி, பிறகு ஸ்டேஷன், ரெண்டு இடம். அம்மாட முகத்தில ஷொட் இருக்கேக்கயே ரயில் வாற சத்தத்தை ஒண்டரைச் செக்கன் முந்தி உள்ள விடுங்க. அந்த வீட்டில ரயில் சத்தம் கேக்கிறது வழமை, அதால பாக்கிறவர் அதை வீட்டுச் சத்தமா எடுப்பார், அம்மாவும் நிமிர்ந்து பாக்கிறது தற்செயலா பொருந்தும், பிறகு படம் மாறி மகன் பிளாட்ஃபோமில பையோட நிக்கிறான். அம்மாக்கு ஏதோ விளங்கிட்டுது எண்டு ஒரு வசனமும் இல்லாம நாங்க நம்பிடுவம். கட் விழுந்ததே கனபேருக்குத் தெரியாது, ஏனெண்டா காது முதல்லயே அங்க போட்டுது.

ஒரே முகம், வேற அர்த்தம் எண்டு ஒரு பரிசோதனை இருக்காமே?

லெவ் குலெஷோவ் எண்ட ரஷ்யர் 1920 அளவில செய்தது. ஒரு நடிகரோட உணர்ச்சி காட்டாத முகம் ஒண்டு, அதை ஒருக்கா சூப் கோப்பையோட, ஒருக்கா சவப்பெட்டியோட, ஒருக்கா ஒரு பொம்பிளையோட சேர்த்து வெட்டினார். பாத்தவங்க பசியைக் கண்டாங்க, துக்கத்தைக் கண்டாங்க, ஆசையைக் கண்டாங்க. முகம் ஒண்டு தான். உங்கட நடிகர் நடிக்கத் தெரியாத கூட்டாளியா இருந்தா பயப்படத் தேவையில்ல, அவரை ஒண்டும் செய்ய வேண்டாம் எண்டு சொல்லி எடுத்திட்டு அடுத்த ஷொட்டை யோசிச்சு எடுங்க.

ஜம்ப் கட் பிழையா?

ஒரே ஷொட்டோட நடுவில ஒரு துண்டைத் தூக்கி, ஆள் துள்ளுற மாதிரி வெட்டுறது தான் ஜம்ப் கட். பிழை எண்டு இருந்தது, 1960ல ஃபிரெஞ்சு டைரக்டர் கொடார் ப்ரெத்லெஸ்ல வேணுமெண்டே போட்ட பிறகு அதுவும் ஒரு மொழியாப் போட்டுது. இப்ப யூடியூப்பில கதைக்கிற எல்லாரும் மூச்சு எடுக்கிற இடத்தை வெட்டித் தூக்கினா அது ஜம்ப் கட் தான். விசயம் சொல்ற வீடியோவுக்குச் சரி. ஆனா ஒருத்தர் தன்ட அப்பா காணாமப் போன கதையை உங்கட கமராக்கு முன்னால சொல்லுறார் எண்டா அந்த மூச்சை வெட்டாதீங்க, தயவு செய்து. அவர் தொண்டையைச் செருமுறது, தண்ணி குடிக்கிறது எல்லாம் வாக்குமூலத்தில ஒரு பகுதி.

கலியாண வீடியோவுக்கு இதெல்லாம் தேவையா? கிளையன்ட் கேக்கிறது ஸூம், ஸ்பின், கிளிட்ச் தான்.

தேவை, ஏனெண்டா நாங்க செய்யிற வேலையில திரும்பத் திரும்பப் பாக்கப்படுறது கலியாண வீடியோ தான். கனடாவில இருக்கிற பெரியம்மா அதை எத்தனை தரம் போட்டுப் பாப்பா எண்டு உங்களுக்கே தெரியும்.

தாலி கட்டுற இடத்தை எடுப்பம். உண்மையில அது சில செக்கன் தான், சுத்தி நிக்கிற ஆக்கள் மறைப்பாங்க, போட்டோகிராஃபர் குறுக்க வருவார். மூண்டு கமரா இருந்தா அந்த நேரத்தை நீட்டலாம். சோவியத் டைரக்டர் ஐசன்ஸ்டைன் 1925ல பட்டில்ஷிப் போட்டெம்கின் படத்தில படிக்கட்டில ஆக்களைச் சுடுற காட்சியை உண்மையான நேரத்தை விட நீட்டி நீட்டி வெட்டினவர், ஒரே நேரத்தில நடக்கிறதை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அடுக்கினா நேரம் பெருகும். அங்க பயத்துக்குச் செய்ததை இங்க சந்தோசத்துக்குச் செய்யலாம். மாப்பிள்ளைட கை தாலியோட உயருது. பொம்பிளை தலை குனிஞ்சு இருக்கிறா, இமை மட்டும் அசையுது. அம்மா. இங்க அவசரப்படாதீங்க, அம்மாட முகம் முதல்ல ஐயரைப் பாக்கும், பிறகு மகளைப் பாக்கும், அந்தப் பார்வை மாறுற இடம் வரைக்கும் ஷொட்டை விடுங்க. கெட்டிமேளத்தை அம்மாட ஷொட்டிலயே உயர விட்டிட்டு, முடிச்சுப் போடுற விரலுக்கு வெட்டுங்க, அறுகரிசி விழத் தொடங்கினதும் வைட். இவ்வளத்துக்கும் ஸ்லோ மோஷன் ஒரே ஒரு இடத்தில போதும், அரிசி விழுற இடம்.

இதுக்குள்ள, படம் பழுதான மாதிரி உடைஞ்சு மினுங்கிற கிளிட்ச் ட்ரான்சிஷன் ஒண்டு விழுந்தா என்ன நடக்கும் எண்டா, அம்மாவைப் பாத்துக்கொண்டிருந்தவர் திடீரெண்டு சொஃப்ட்வேரைப் பாப்பார். கிளையன்ட்டுக்கு ஸூம் ஸ்பின் வேணும் எண்டா ரிசெப்ஷன் டான்சில தாராளமாப் போடுங்க, அங்க அது பொருந்தும், அவங்களும் சந்தோசம்.

பாட்டுக்கு எடிட் பண்ணேக்க ஒவ்வொரு பீட்டுக்கும் வெட்டணுமா?

வேண்டாம். மூண்டாவது பீட்டிலயே அடுத்த கட் எங்க எண்டு பாக்கிறவருக்குத் தெரிஞ்சிடும், பிறகு ஆர்வம் போயிடும். சில இடம் பீட்டில, சில இடம் பாடகர் மூச்சு எடுக்கிற இடத்தில, சில இடம் உடம்பு திரும்புற அசைவில. பீட்டில வெட்டுறதா இருந்தாலும் ஒண்டு ரெண்டு ஃபிரேம் முந்தி வெட்டிப் பாருங்க, இன்னும் இறுக்கமா இருக்கும்.

சப்டைட்டில் போட்டா வேகம் மாறுமா?

நிச்சயமா மாறும், கொழும்பில படம் காட்டுற எல்லாரும் இதை யோசிக்க வேணும். தமிழ்ப் படத்தைச் சிங்கள நண்பர்களும் பாக்கிறாங்க, சிங்களப் படத்தை நாங்களும் பாக்கிறம், ஹோலில ஒரு பகுதி ஆக்கள் எப்பவும் கீழ வாசிச்சுக்கொண்டு தான் இருப்பாங்க. வாசிக்கிற கண் முகத்தைப் பாக்காது. ரெண்டு வரி எழுத்து உள்ள ஷொட் வசனம் முடிஞ்ச உடன வெட்டுப்பட்டா, தமிழ் தெரிஞ்சவர் முகத்தைக் கண்டிருப்பார், மற்றவர் எழுத்தை மட்டும் தான் கண்டிருப்பார். அதால முக்கியமான முகங்களுக்கு வசனத்துக்குப் பிறகு அரைச் செக்கன் கூட விடுங்க. சப்டைட்டில் கட்டைத் தாண்டி அடுத்த ஷொட்டுக்குள்ள நீளாமப் பாருங்க, படம் மாறினதும் சிலரோட கண் புது வரி எண்டு நினைச்சுத் திரும்ப வாசிக்கத் தொடங்கலாம். வசனத்தையும் சுருக்கி எழுதுங்க, பேசின ஒவ்வொரு சொல்லும் கீழ வரத் தேவையில்ல.

இடைவேளை எடிட்டிங்கைப் பாதிக்குமா?

எங்கட படங்களில இடைவேளை எண்டது ரெண்டாவது க்ளைமாக்ஸ். சவோய் தியேட்டரில லைட் போடேக்க ஆக்கள் கதைச்சுக்கொண்டு வெளிய வரணும், அதுக்காக முன்பாதி முழுக்க அந்த ஒரு இடத்தை நோக்கித் தான் ஓடும். திரும்ப உள்ள வாற முதல் ரெண்டு மூண்டு நிமிசம் கதவு திறந்து மூடும், ஆக்கள் சீட் தேடுவாங்க, அங்க முக்கியமான தகவலை வைக்காதீங்க. இடைவேளை இல்லாம செய்த வெளிநாட்டுப் படத்தை நடுவில நிப்பாட்டினா ஏறிக்கொண்டு வந்த அழுத்தம் அப்பிடியே இறங்கிடும்.

ரீல்ஸ் பாத்துப் பழகின ஆக்களுக்கு நீளமான ஷொட் இனி எடுபடுமா?

எடுபடும். ரீல்ஸில விரல் தயாரா இருக்கு, தியேட்டரில விரலுக்கு வேலை இல்ல. அதே ஆக்கள் தான் பேய்ப் படத்தில இருட்டு கொரிடோரை இருபது செக்கன் அசையாமப் பாக்கிறாங்க.

போனில எடுத்த க்ளிப்பும் கமரா க்ளிப்பும் சேர்த்தா ஏன் தட்டித் தட்டி ஓடுது?

போன் பெரும்பாலும் செக்கனுக்கு 30 ஃபிரேம் எடுக்கும், உங்கட கமரா 25ல இருக்கும். டைம்லைன் 25 எண்டா 30ல எடுத்ததில இருந்து ஒவ்வொரு செக்கனும் அஞ்சு ஃபிரேம் விழும், அசைவில ஒரு தட்டல் தெரியும், நீங்க எவ்வளவு கவனமா வெட்டினாலும் அந்த இடம் உறுத்தும். தொடங்க முந்தியே எல்லாத்தையும் 25க்கு மாத்தி வையுங்க, போனிலயும் அந்த செட்டிங் தாற அப்ஸ் இருக்கு. ஷட்டர் ஸ்பீட்டை செக்கனில 50ல ஒண்டு (1/50) எண்டு வையுங்க, இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இல்லாட்டி மண்டபத்து ட்யூப் லைட் மினுங்கும், அதை எந்த ட்ரான்சிஷனாலயும் மறைக்க ஏலாது.